மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு

சர்வர் வாங்க வேண்டும் என்று நான் முதன்முதலில் வாய் திறந்த அன்றே மச்சான் அதைச் சிரிப்பாக்கிவிட்டார்.

"எந்த ஓட்டல்ல இருந்து மாப்ள?" என்றார்.

பட்டறையில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் கோயமுத்தூரில் சர்வர் என்றால், மேஜையைத் துடைத்துவிட்டு "என்னங்க சாப்பிடறீங்க" என்று கேட்கிறவர்தான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் நான் சொன்னால், படித்த திமிரில் பேசுகிறேன் என்று நினைத்தார்கள்.

மச்சான் என் தாய்மாமன் மகன், என்னைவிட மூத்தவர். தடாகம் ரோட்டுப் பக்கம் அவருக்கு லேத்துப் பட்டறை இருந்தது. பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார்கள். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டறையின் மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்து எந்நேரமும் இன்டர்நெட்டோடு சேர்ந்தே இருக்கிற லீஸ்டு லைன் ஒன்று வாங்கினோம். திருப்பூர் பனியன் கம்பெனிகள், பம்ப் கம்பெனிகள், ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் வெப்சைட்டையும் மெயிலையும் எங்கள் அறையிலேயே ஒரு மெஷினில் வைத்து, இரவும் பகலும் நிற்காமல் ஓட்டுவதுதான் தொழில். வெப் ஹோஸ்டிங் என்று போர்டு எழுதச் சொன்னோம். பெயிண்டர் 'வெப் ஹாஸ்டல்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு ரூம் கிடைக்குமா என்று பொள்ளாச்சிக்காரர் ஒருவர் பெட்டியோடு மாடியேறி வந்தார்.

ஆக, அந்த மெஷின் என்ன மெஷின் என்பதுதான் சண்டை. நிற்காமல் ஓடுவதற்கென்றே செய்த சர்வர் மெஷின் வேண்டும் என்றேன் நான். அதில் டிஸ்க் இரண்டு இருக்கும், இரண்டிலும் ஒரே எழுத்து ஏறும்; ஒன்று செத்தால் மற்றது ஓடும். கரண்ட் கொடுக்கிற பெட்டியும் இரண்டு. எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்து வைக்கவும் வழி உண்டு. மச்சான் சாதாரண டெஸ்க்டாப் போதும் என்றார். வேகம் அதே வேகம், பார்ட்ஸ் காந்திபுரத்தில் கிடைக்கும், ரிப்பேர் ஆனால் நீயே கழற்றிப் பூட்டிக்கொள்வாய், சர்வருக்குப் போடுகிற பணத்தில் நான் ஒரு லேத்து வாங்கிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் எரிச்சல்.

"ஒரு கெணத்துக்கு எதுக்கு மாப்ள ரெண்டு மோட்டாரு?"

"ஒண்ணு எரிஞ்சா வெள்ளாமை காயக் கூடாதுங்கறதுக்குத்தானுங்க."

"எரிஞ்சா வைண்டிங் கட்டிக்கலாம்."

"டிஸ்க்கு எரிஞ்சா வைண்டிங் கட்ட முடியாதுங்க மச்சான்."

"எல்லாம் கட்டலாம். மொதல்ல எரியட்டும் பாக்கலாம்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' போகாது. மனசுக்குள் அவரை என்னென்னவோ திட்டிக்கொண்டு, வெளியே ங்க போட்டுப் பேசித் தோற்றேன். அந்த வருட ஆயுத பூஜை முடிந்த கையோடு டெஸ்க்டாப் வந்தது. சூடு தாங்காது என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, எதிரில் ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேனை நிறுத்தினேன். டேப்புக்கும் வழியில்லாததால் அவ்வப்போது பிளாப்பிகளில் நகல் எடுத்து வைத்தேன். மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாடிக்கு வரும்போதெல்லாம் மச்சான் அதன் தலையில் தட்டி, "என்ன மாப்ள, இன்னும் எரியலையா?" என்பார்.

நாங்கள் டிபன் சாப்பிடுவது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன ஓட்டலில். அங்கே எங்கள் மேஜைக்கு வருகிற சர்வர் ஒல்லியான மனிதர், நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆறு மேஜை ஆர்டரையும் எழுதாமல் மனசிலேயே வைத்துக்கொண்டு, யாருக்கு நெய் ரோஸ்ட், யாருக்குச் சர்க்கரை போடாத காபி என்று மாறாமல் கொண்டுவருவார். ஒரு நாள் மச்சான் அவரிடமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, எங்க மாப்ளைக்கு ஒரு சர்வர் வேணுமாம். நீங்க வந்து மாடில உக்காந்துக்கறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே சட்னி ஊற்றினார். "உக்காந்தா அவன் சர்வர் இல்லீங்களே. கடை சாத்தற வரைக்கும் உக்காரப்படாதுங்க."

அவருக்கும் எங்களுக்கும் அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. மெஷினோடு குழம்பாமல் இருக்க அவரை ஓட்டல்காரர் என்றே சொல்வோம். ஒரு நாள் பில்லை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவருடைய மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உடம்பில் ரத்தம் ஊறாத நோய். சில வாரங்களுக்கு ஒரு தடவை வேறொருவர் ரத்தத்தை ஏற்றினால்தான் நடப்பாள், விளையாடுவாள். தள்ளிப்போனால் முகம் வெளுத்து மூச்சு வாங்கும். குரூப் பி நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒருவர் கொடுத்துவிட்டால் மூன்று மாதம் அவரிடம் திரும்பக் கேட்கக் கூடாது. அதனால் அந்த மனிதர் வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாப்பிட வருகிறவர்களிடம், கல்லூரி வாசலில், மில் கேட்டில், கோபிசெட்டிபாளையம் வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறார். ஓட்டல் பில் காகிதத்தின் பின்பக்கம் பேரும் போன் நம்பரும் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வேர்வையிலும் சாம்பாரிலும் ஊறி அதில் பாதி அழிந்திருந்தது.

"உங்க மெஷின்ல இத ஏத்தி வெக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

ஏற்றினேன். பேர், குரூப், ஊர், போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. யாருக்கு முறை வந்திருக்கிறதோ அவர் பெயர் மேலே வரும்படி ஒரு பக்கம் செய்தேன். நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பனியன் கம்பெனிகளுக்கு நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்த பூவும் கொடியும் எதற்கு ஆயிற்று, மண்ணாங்கட்டி. ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அதே வார்டுக்கு வரும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்டு வந்தார்கள். அவர் புதுப் பெயர்களைப் போனில் சொல்வார், நான் அப்படியே அடித்து ஏற்றுவேன். பழைய காகிதக் கட்டை அவர் ஓட்டல் அடுப்பில் போட்டுவிட்டார். மெஷினில் ஏறிவிட்டதே, இனி எதற்கு என்றார்.

பாப்பாவையும் சில தடவை கூட்டிவந்தார். ரத்தம் ஏற்றிய மறுநாள்தான் வருவாள். கன்னத்தில் நிறம் இருக்கும். மெஷினுக்கு வைத்திருந்த ஃபேனுக்கு முன்னால் நின்று "ஆ" என்று நீளமாகக் கத்தி, குரல் நடுங்குவதைக் கேட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் என்னிடம், "மாமா, மெஷினுக்கு வேர்க்குதுங்களா?" என்றாள். ஆமாம் கண்ணு, ராத்திரியும் பகலும் உன் வேலையத்தான் பாக்குது என்றேன். அவள் ஃபேனை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்கு மெஷின்களுக்கு ஓய்வு. மில்லில் தொடங்கி மாவரைக்கிற கடை வரைக்கும் எல்லாம் நிற்கும். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூப்போட்டுக் கும்பிடுவார்கள். பொட்டு வைத்த மெஷினை மறுநாள் விஜயதசமி காலையில்தான் திரும்ப ஓட்டுவார்கள். அதுவரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் தொட்டதில்லை.

மத்தியானம் கீழே லேத்துகள் நின்றன. மச்சான் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தார்.

"மாப்ள, இதயும் நிறுத்து."

"இது நிறுத்தற மெஷின் இல்லீங்க மச்சான்."

"வருசம் பூரா ஓடுது. ஒரு நாளாவது அதுக்கு ஓய்வு குடுக்க வேண்டாமா? ஓடற மெஷினுக்குப் பொட்டு வெக்கறதெல்லாம் நம்ம பட்டறைல கெடையாது."

"மெயில் வந்தா?"

"நோம்பி அன்னைக்கு எவன் மாப்ள மெயில் போடறான்? திருப்பூர்ல இன்னைக்கு ஒரு ஊசி ஓடுமா?"

நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. கரடியாகக் கத்திப் பார்த்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கீழே ஆட்கள் பூசணிக்காயோடு காத்திருந்தார்கள். கடைசியில் நானேதான் நிறுத்தினேன். டிஸ்க் சுற்றி ஓய்கிற சத்தத்தை அந்த ஒரு வருடத்தில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மச்சான் மூடி இல்லாத அந்தப் பெட்டிக்கு மேலே மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார். ஃபேனுக்கும் பொட்டு வைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கற்பூரம் காட்டி, ரோட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மாடியில் பொரி கடலை தின்றுகொண்டிருந்தோம். ஓட்டல்காரர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். ஓட்டலில் பூஜை முடிந்த குங்குமம் அவர் நெற்றியிலும் இருந்தது.

"பாப்பாவுக்குக் காச்சலுங்க. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில சேத்திப்போட்டு வந்தேன். அடுத்த வாரம் ஏத்தறதா இருந்துச்சுங்க, இப்பவே ஏத்தோணும்ங்கறாங்க. அங்க அந்த குரூப்பு கைவசம் இல்லீங்களாம். யாரு முறைன்னு பாத்துச் சொன்னீங்கன்னா போயி கூட்டிட்டு வந்திருவேன்."

சொல்லிக்கொண்டே மெஷினைப் பார்த்தார். பொட்டையும் பூவையும் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"உக்காருங்க, இப்பப் போட்டுத் தர்றேன்" என்று நான் எழுந்தேன்.

மச்சான் என்னைத் தடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். என் கையைப் பிடித்தது ஓட்டல்காரர்தான்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க வேண்டாம்? ஒரு சுவிட்சு. பூவ எடுத்து அக்கட்டால வெச்சாப் போச்சு."

"சாமிக்கு வெச்சத எடுக்கப்படாதுங்க. புள்ள சீக்காக் கெடக்கறப்ப சாமி குத்தம் எதுக்குங்க. இன்னைக்கு ராத்திரி தாங்கும்னு டாக்டர் சொன்னாருங்க. நான் வெடியால வாரேனுங்க."

வெடியால என்றால் விடிந்தும் விடியாத நேரம். மச்சான் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "வெடியால மொத வேலையாப் போட்டுத் தர்றமுங்க" என்றார். நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஓட்டல்காரர் என் கையை விடவில்லை, உள்ளங்கை காய்ப்பேறியிருந்தது. மச்சான் கொடுத்த பொரியை வாங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு, பாப்பாவுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் நாங்கள் போவதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தூங்கறாளுங்க, ஆனா மூச்சு நேத்த விட மோசம்தானுங்க என்றார்.

மச்சான் பூவை எடுத்து, எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்து, "போடு மாப்ள" என்றார். போட்டேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் டிஸ்க் இல்லை என்று வந்தது.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். உள்ளே டிக், டிக் என்று எதுவோ முட்டிக்கொள்கிற சத்தம் வந்ததே தவிரச் சுற்றவில்லை. வருடம் முழுக்கச் சூட்டிலேயே சுற்றிய தட்டு அது. ஓர் இரவு குளிர்ந்ததும், எழுத்தைப் படிக்கிற ஊசி தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபீசில் எட்டு மணி நேரம் ஓடி, ராத்திரி தூங்கி, காலையில் எழுவதற்காகச் செய்த டிஸ்க். அதை ஒரு வருடம் தூங்கவே விடாமல் ஓட்டியிருந்தோம். இது எனக்கு உடனே புரிந்தது. புரிந்து என்ன ஆகப்போகிறது? டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருகினேன். மச்சான் ஒட்டிப்போன பேரிங்கைத் தட்டுகிற மாதிரி, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மெதுவாக அதன் ஓரத்தில் தட்டினார்.

பிளாப்பி நகலைத் தேடி எடுத்தேன். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. போட்டதும் கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. எனக்கு அதைச் சுவரில் வீசி அடிக்க வேண்டும் போல இருந்தது. வீசினேன்.

"காபி வாங்கிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார் ஓட்டல்காரர். பழக்கம். இரண்டு பேர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அதுதான் கேட்கத் தெரியும்.

"காபி வேண்டாமுங்க" என்றார் மச்சான். "பேரு ஏதாச்சும் ஞாபகம் இருக்குங்களா? யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு சொன்னாக்கூடப் போதும்."

ஆறு மேஜை ஆர்டரைத் தலையில் வைத்திருக்கிற மனிதர். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. பீளமேட்டில் ஒரு கல்லூரிப் பையன் என்றார்; பேர் வரவில்லை. சூலூரில் ஒரு வாத்தியார் என்றார்; எந்தப் பள்ளி என்று தெரியவில்லை.

"மெஷின்ல இருக்குதுன்னு மனசுல வெக்கறதயே உட்டுப்போட்டேனுங்க" என்றார்.

கடைசியில் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் கருமத்தம்பட்டியில் தறி வைத்திருப்பவர். வீடு தெரியும், போன் நம்பர் தெரியாது. இன்னொருவர் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழைத்தோட்டக்காரர். அவருக்குச் சேதி சொல்ல அவர் வீட்டுக்குப் பக்கத்து உரக்கடையின் நம்பர் மட்டும் மனசில் நின்றிருந்தது. கோபிக்கு எஸ்.டி.டி. போட்டுக்கொண்டே இருக்கும்படி என்னை உட்கார வைத்துவிட்டு, மச்சான் ஓட்டல்காரரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனார்.

உரக்கடை பூட்டிக் கிடந்தது. நோம்பி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டேன். கருமத்தம்பட்டியில் நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். எப்போதும் தறிச் சத்தத்தில் காது அடைக்கிற ஊர் அன்றைக்கு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்ததாம். கொட்டகைகள் எல்லாம் இன்னும் திறக்காமல் பொட்டோடு சாத்தியிருந்தன. தறிக்காரர் துண்டோடு வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டதும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னாராம்:

"போன மாசந்தானுங்க வேற ஒரு புள்ளைக்குக் குடுத்தேன். ஆனாப் பரவால்ல, எடுத்துக்கறாங்கன்னா வாரேன். புள்ள உசுருங்க."

ஒரே பைக்கில் மூன்று பேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தறிக்காரரைச் சோதித்துவிட்டு, இப்போது எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு முறை வரவில்லை என்பது மெஷினில் இருந்தது. அங்கே பார்த்திருந்தால் அந்தத் திக்கில் போயிருக்கவே வேண்டாம். தறிக்காரர் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்றார்.

வெயில் ஏறிய பிறகு உரக்கடையில் ஒருவர் போனை எடுத்தார். தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். வாழைக்காரர் அப்படியே சேற்றுக் காலோடு பஸ் ஏறியிருக்கிறார். நோம்பிக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்புகிற நாள். முதலில் வந்த பஸ்களில் படியில்கூட இடமில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. ரத்தம் எடுத்து, சோதித்து, பாப்பாவுக்கு ஏற்ற ஆரம்பித்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். நான் அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன். அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். மெஷின் ஓடுதுங்களா என்று கேட்கவில்லை. நான்தான் அவள் கேட்பாள் என்று பயந்துகொண்டு நின்றேன்.

மறுநாள் வெடியால பாப்பா போய்விட்டாள்.

ஏற்கெனவே இதயம் பலவீனமாக இருந்தது, காய்ச்சல் வேறு, காலையிலேயே ஏற்றியிருந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் 'சொல்ல முடியாது' என்னை இன்னும் விடவில்லை. பிழைத்திருப்பாள் என்றோ பிழைத்திருக்க மாட்டாள் என்றோ சொல்லியிருந்தால் ஒரு வழியாக அழுது தீர்த்திருப்போம்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மச்சான் அந்த டிஸ்க்கைப் பட்டறையில் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். லேத்து வேலைக்கு நடுவே எடுத்து, துடைத்து, ஓரத்தில் தட்டி, மாடிக்குக் கொண்டுவந்து "போட்டுப் பாரு மாப்ள" என்பார். போட்டுக் காட்டுவேன். டிக், டிக். திருப்பி எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள், ஒரு காரணமும் இல்லாமல், அது உய்யென்று சுற்ற ஆரம்பித்தது. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். ரத்தம் கொடுக்கிறவர்களின் பக்கமும் ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. முறை வந்தவர்கள் மேலே வரிசையாக நின்றார்கள். மச்சான் அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. அப்போதும் எனக்குக் கோபம்தான் இருந்தது.

அன்றைக்கே சர்வருக்கு ஆர்டர் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முதலில் எழுதிக் கொடுத்த கொட்டேஷனைத் தேடி எடுத்து, அதில் இருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். இரண்டு டிஸ்க், இரண்டு கரண்ட் பெட்டி, டேப். இதை அப்போதே வாங்கியிருந்தாலும் அன்றைக்கு மச்சான் நிறுத்திப் பொட்டு வைத்துத்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றாவது காலையில் எழுந்திருக்கும், அவ்வளவுதான்.

ஓட்டலுக்குப் போவதையே நாங்கள் விட்டுவிட்டோம். எந்த முகத்தோடு போவது? ஆனால் ஓட்டல்காரரே போன் செய்தார். அந்த வார்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள், புதுப் பேர் சொல்கிறேன், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்குப் பிறகும் மாதாமாதம் பேர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கீழே லேத்துகள் நின்றன. மச்சான் சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறி வந்து, ஓடிக்கொண்டிருந்த சர்வருக்கு அப்படியே பொட்டு வைத்தார். பட்டறை ஆள் ஒருவர் தெரியாமல், "நிறுத்தலீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டார்.

"இது சர்வர்" என்றார் மச்சான். "உக்காரப்படாது."

பொழுதோடு ஓட்டல்காரர் வந்தார், கையில் ஓட்டலில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு. செருப்பை வாசலில் கழற்றினார். நேராக மெஷினிடம் போய், பொட்டைத் தொடாமல், பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது ஓடுகிற அதிர்வு கையில் தெரிந்திருக்கும்.

"ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க" என்றேன்.

"செரிங்க."

கையை எடுக்காமல் நின்றார். மச்சான் அவர் பக்கத்தில் போய் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஒரு வருடமாக அவர் அந்தப் பேச்சை எனக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறார். நாங்கதாங்க தப்புப் பண்ணிட்டோம் என்று அது தொடங்கும். முதல் வார்த்தை வருவதற்குள் ஓட்டல்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க போட்டுத் தர்றேன்னுதானுங்க எந்திரிச்சீங்க. நாந்தானுங்க கையப் புடிச்சேன். வெடியால வாரேன்னு நாந்தான் போனேன்" என்றார். "பாப்பாவோட அம்மாகிட்ட இத நான் இன்னும் சொல்லலீங்க."

பொரிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். நாங்கள் மத்தியானம் குடித்துவிட்டு அப்படியே விட்டிருந்த காபி டம்ளர்கள் இரண்டும் அங்கே கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.